டீச்சர் பதில்கள்: பொருளைப் பற்றி எழுத ஒரு பொருள்

போன இதழில் கொஞ்சம் வாயைக் கொடுத்துவிட்டேன். ‘வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைக் கட்டுரையாக எழுதிப் பாருங்கள், சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள்’ என்று. இப்போது தக்கலை தபால்காரர் என்னைக் கண்டால் சிரிப்பதில்லை. வந்ததில் சில கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

*

டீச்சருக்கு வணக்கம். நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரிப் போட்டிக்கு ‘என் வாழ்வின் பொருள்’ என்று நான்கு பக்கம் எழுதினேன். விவேகானந்தர், அப்துல் கலாம், விக்டர் பிராங்க்கல் எல்லாருடைய மேற்கோளும் வைத்தேன். ‘நன்று’ என்று ஒரு சொல் எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். எனக்கே இப்போது படித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. கையெழுத்துப் பிரதியை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
– மாணவி, குலசேகரம்

மக்களே, இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கத்தில் வாழ்க்கை ஒரு போராட்டம். இரண்டாம் பக்கத்தில் வாழ்க்கை ஒரு பயணம். மூன்றாம் பக்கத்தில் அது இறைவன் தந்த பரிசு. நான்காம் பக்கத்தில் இன்னும் என்னவாக ஆகுமோ என்று பயந்துகொண்டேதான் திருப்பினேன். அங்கே பேனாவால் நீ அடித்துப் போட்ட ஒரு வரி கண்ணில் பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன்: ‘மழை பெய்து வெட்டு இல்லாத நாளில், வீட்டுக்குள் எங்கே உட்கார வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாது.’

அதை அடித்துவிட்டு அதற்கு மேலே ‘உழைப்பே உயர்வு தரும்’ என்று எழுதியிருக்கிறாய். அட பாவி!

மறுநாள் காலையில் புட்டுக்கு மாவு நனைத்துக்கொண்டிருந்தபோது உன் கட்டுரையில் எனக்கு ஞாபகம் இருந்தது அந்த ஒரு வரிதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற உன் அப்பாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பனியனோடு திண்ணைக்கும் அடுக்களைக்கும் நடுவில் நிற்கிற ஒரு மனுஷரைப் பார்த்துவிட்டேன்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. பொருள் என்றால் அர்த்தம். பொருள் என்றால் கையில் எடுக்கிற சாமானும்தான். காசும்தான். 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளிடம் சொல்லி அலுத்தது இதுதான்: அந்தப் பொருளைப் பற்றி எழுத வேண்டுமானால் இந்தப் பொருளில் கை வை. உனக்கு வீட்டிலேயே இருக்கிறது. பால் பிடிக்கிற சிரட்டை, பால்வெட்டுக் கத்தி, நெற்றியில் கட்டுகிற லைட்டு. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால்தானே அப்பா இருட்டோடு எழுந்து போகிறார்? உள்மரத்தில் கத்தி படாமல் பட்டையை எந்த அளவுக்குச் சீவ வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? முதலில் பழகின மரம் எத்தனை நாள் புண்பட்டுக் கிடந்தது? ஒரு நாளைக்கு எத்தனை மரம்? இதெல்லாம் உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அந்த வரியை அடித்திருக்க மாட்டாய். போய்க் கேள்.

பிராங்க்கலை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அவர் வியன்னாக்காரர், மனநல மருத்துவர், நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிரோடு மீண்டவர். அவருடைய புத்தகம் வந்தது 1946-ல். எல்லாரும் அதிலிருந்து பெரிய பெரிய வாக்கியங்களைக் கத்தரித்து ஒட்டுகிறார்கள். என்னை அந்தப் புத்தகத்தில் பிடித்து உட்கார வைத்தது வேறு இடம். முகாமில் கிடைக்கிற ரொட்டித் துண்டை உடனே தின்றுவிடுவது நல்லதா, பிட்டுப் பிட்டு நாள் முழுக்க வைத்துக்கொள்வது நல்லதா என்று கைதிகள் தர்க்கம் பண்ணினார்கள் என்று எழுதுகிறார். வாழ்வின் பொருளுக்காக ஊர் உலகமெல்லாம் படிக்கிற புத்தகத்திலேயே ரொட்டிக்கு இடம் இருக்கிறது. உன் கட்டுரையில் சிரட்டைக்கு இல்லை.

இன்னொன்று. அந்த வரியைத் திரும்ப எடுத்து எழுதும்போது அப்பாவைத் தியாகி ஆக்கிவிடாதே. மழை நாளில் அவர் சள்ளென்று விழுவாரென்றால் அதையும் எழுது. அப்புறம், நீ எங்கே? அன்றைக்கு எழுந்து நாற்காலியைக் கொடுத்தாயா, போனைப் பார்த்துக்கொண்டே காலை மடக்கி வழி விட்டாயா? தலைப்பில் ‘என்’ என்று இருக்கிறது, மக்களே. அந்தப் பதில் கொஞ்சம் வெட்கமாக இருந்தால் அங்கே இருந்தே தொடங்கு.

*

வாழ்க்கைக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறதா டீச்சர்? ஒரே வரியில் சொல்லவும்.
– வாசகர், ஆரல்வாய்மொழி

ஒரே வரியில் தெரிந்திருந்தால் இந்தப் பத்திரிகை எனக்கு இத்தனை பக்கம் தந்திருக்காது, சார்.

*

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். வானிலைத் தரவு சம்பந்தமான படிப்பு. ‘உங்களை உருவாக்கிய ஓர் அனுபவம்’ என்று தனிப்பட்ட கட்டுரை ஒன்று கேட்கிறார்கள். ஒக்கிப் புயலில் என் சித்தப்பா திரும்பி வரவில்லை. அதை எழுதினால் கண்டிப்பாக இடம் கிடைக்கும் என்கிறான் நண்பன். எழுத மனது வரவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.
– இளைஞர், தூத்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊர்

தம்பி, இதற்கு ஒரு கதை சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும்.

நானும் கடற்கரைக்காரிதான், குளச்சல் பக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே தெருவுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். அப்போதுதான் ஆண்கள் ஒவ்வொருவராக வளைகுடாவுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ‘நலம், நலமறிய ஆவல்’ மட்டும் என்னுடையது. மீதி அவர்களுடையது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது அந்த வேலை திரும்ப வந்தது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் ஏற்கெனவே கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தார்கள். கரையில் இருந்து சொல்கிற எச்சரிக்கை அங்கே எட்டவில்லை. திரும்பாதவர்கள் வீட்டில் எல்லாம் மனு எழுத வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் மூன்று டீச்சர்கள் போய் ஒரு வராந்தாவில் உட்கார்ந்துவிடுவோம். பெயர், வயது, படகின் பதிவு எண், புறப்பட்ட தேதி, கூடப் போனவர்கள். ஒரு பெண், என் மகள் வயது இருக்கும், எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, ‘புதுச் செருப்ப இங்கயே விட்டுட்டுப் போனாரு டீச்சர், அதையும் எழுதுங்க’ என்றாள். ‘அதுக்கு இதுல இடம் இல்ல பிள்ளே’ என்றேன். பின்னால் வரிசை நின்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இடம் இருந்தது, தம்பி. மனுவின் அடியில் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைத்தாள் கிடந்தது. எழுதியிருந்தால் அந்த அலுவலகத்தில் யாரும் படித்திருக்கப் போவதில்லை, உண்மை. ஆனால் அவள் சொல்ல வந்ததில் அந்த ஒன்றுதான் அவளுடையது. மற்றதெல்லாம் படகுக்காரரிடம் கேட்டாலே கிடைக்கும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் சாவை வைத்து இடம் வாங்குவது உனக்குக் கூசுகிறது. நல்லது, அந்தக் கூச்சத்தைத் தொலைத்துவிடாதே. துக்கத்தில் பெரும்பங்கு சித்தியுடையது, அவள் பிள்ளைகளுடையது. அதில் கை வைக்காதே. உன் பங்கு என்னவோ அதை மட்டும் எழுது. அந்த நாட்களில் நீ எங்கே இருந்தாய்? யாருக்குப் போன் போட்டாய்? எந்தக் கேள்வி அப்போது மண்டைக்குள் விழுந்து இன்று வரைக்கும் போகாமல் கிடக்கிறது? எச்சரிக்கை ஏன் எட்டவில்லை என்கிற கேள்விதான் உன்னை இந்தப் படிப்புக்குத் தள்ளியது என்றால், கட்டுரையின் முக்கால்வாசி அந்தக் கேள்வியும் அதற்காக நீ இதுவரை செய்ததுமாக இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு மூன்று வரி போதும். படிக்கிற பேராசிரியர்கள் உன் மேல் இரக்கப்படுவதற்காகச் சம்பளம் வாங்கவில்லை. இந்தப் பையன் வந்தால் என்ன செய்வான் என்று பார்க்கத்தான் அந்தக் கட்டுரையைக் கேட்கிறார்கள்.

எழுதி முடித்ததும் தமிழில் சித்திக்கு வாசித்துக் காட்டு. எந்த வரியில் உனக்குக் குரல் தயங்குகிறதோ அந்த வரியை எடுத்துவிடு. வாசித்துக் காட்டவே முடியாது என்று தோன்றினால் வேறு அனுபவத்தைத் தேடு.

*

டீச்சரே, நான் எட்டாம் கிளாஸ் வரைதான். 22 வருஷம் அண்டி ஆபீஸ் வேலை. இப்போ உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருக்கிறேன். மகளுடைய பழைய நோட்டில் எழுதி வைக்கிறேன். எங்கள் பேச்சிலே எழுதலாமா, நல்ல தமிழில்தான் எழுதணுமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

தங்கச்சி, நீ அனுப்பிய இரண்டு பக்கத்திலும் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை. எழுத்துப்பிழை நாலைந்து இருக்கிறது, அதை உன் மகள் பார்த்துக்கொள்வாள்.

உன் பேச்சு நல்ல தமிழ்தான். ‘முந்திரிப் பதனிடும் தொழிற்சாலை’ என்று நீ எழுதத் தொடங்கினால் அந்த நிமிஷமே நீ அந்தக் கட்டடத்துக்கு வெளியே வந்துவிடுவாய். அண்டி ஆபீஸ் என்றே எழுது. ஓட்டில் இருந்து வருகிற எண்ணெய் பட்டு விரல் கறுத்துப் பொத்துப்போனதை எழுதியிருக்கிறாய். ‘கல்யாண வீட்டில் கையைச் சேலைக்குள் வைத்தேன்’ என்று ஒரே வரி. அதற்குப் பக்கத்தில் எந்த நல்ல தமிழை வைப்பாய்?

ஒன்றே ஒன்று கூடுதலாகக் கேட்கிறேன். தரம் பிரிக்கிறதைப் பற்றி இன்னும் எழுது. 320 என்று நீங்கள் சொல்கிற பருப்பு ஒரு பவுண்டு எடைக்கு 300-லிருந்து 320 வரை நிற்கும். 240 அதைவிடப் பெரிசு, 180 இன்னும் பெரிசு. வெளியில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. தராசும் இல்லாமல் எண்ணியும் பார்க்காமல் கண்ணும் விரலும் மட்டும் வைத்து ஒரு பருப்பு எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று 22 வருஷம் தீர்மானித்திருக்கிறாய். அது எப்படி வந்தது? எத்தனை மாதத்தில் கை பழகியது? உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் தப்பாகப் போட்டால் சொல்லுவாயா, எடுத்து மாற்றிவிட்டுச் சும்மா இருப்பாயா? கூலி என்ன, எந்த வருஷம் எவ்வளவு கூடியது என்பதும் வேண்டும். கூச்சப்படாதே, பொருள் என்றால் காசும்தான் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

‘இதெல்லாம் எதற்கு என்று மகள் கேட்கிறாள்’ என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். நோட்டு தீர்ந்ததும் சொல்லு, நான் வேறு வாங்கி அனுப்புகிறேன்.

*

வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மகன்கள் இருவரும் பெங்களூரில். எந்த நேரமும் சம்பளம், பிளாட், கார் என்றே பேசுகிறார்கள். ‘நோக்கத்தோடு வாழ்வதே வாழ்வு’ என்று அவர்களை வற்புறுத்தி 40 பக்கக் கட்டுரை எழுதி அனுப்பினேன். மூத்தவன் கட்டைவிரல் பொம்மை அனுப்பினான். இளையவன் அதுவும் இல்லை. பிரதியைத் தங்கள் பார்வைக்கு அனுப்பியுள்ளேன்.
– வாசகர், நாகர்கோவில்

சார், மதிப்போடுதான் சொல்கிறேன். நானும் 40 பக்கத்தை முடிக்கவில்லை. 17-ல் நின்றுவிட்டேன்.

நம் பழைய அளவை நூல்களில், அதாவது தர்க்க நூல்களில், ஓர் உதாரணம் வரும். மலையில் தீ இருக்கிறது. ஏன் என்றால் புகை தெரிகிறது. எங்கே புகையோ அங்கே தீ, அடுக்களையில் பார்க்கிற மாதிரி. சொல்ல வந்தது, காரணம், கேட்கிறவனும் தன் வீட்டில் பார்த்த ஓர் எடுத்துக்காட்டு. மூன்றும் இருந்தால்தான் எதிரே இருக்கிறவன் மலையைத் திரும்பிப் பார்ப்பான். நீங்கள் 17 பக்கத்துக்கு ‘மலையில் தீ, மலையில் தீ’ என்றே சொல்லிக்கொண்டு போகிறீர்கள். காரணம் கேட்டால் இன்னொரு பெரியவர் பெயரைச் சொல்கிறீர்கள். அடுக்களையே இல்லை. நோக்கத்தோடு வாழ்ந்து நீங்கள் கண்டது என்ன? உங்கள் கவுண்டரில் நடந்தது ஒன்றாவது?

மகன்கள் தரப்பும் இல்லை. ‘இக்கால இளைஞர்கள் பணத்தின் பின்னால் ஓடுகிறார்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். பிளாட் ஏன் வேண்டும் என்று மூத்தவரைக் கேட்டீர்களா? வாடகை வீட்டில் மூன்று தடவை மாறினதில் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் மாற வேண்டியிருந்ததோ என்னவோ. அவர் சொல்வதை, அவரே படித்து ‘ஆமா, நான் சொல்றது இதுதான்’ என்று ஒப்புக்கொள்கிற மாதிரி முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். அதற்கு அப்புறம் உங்களுடையதைச் சொல்லலாம்.

என் அம்மா கையெழுத்துப் போடத் தெரியாதவள். கடவத்தில் மீன் சுமந்து விற்றவள். 1982-ல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அப்பா வேண்டாம் என்றார். சொந்தக்காரர்கள் வந்து பெண் கல்வி, முன்னேற்றம் என்று அவரிடம் பேசினார்கள். பாதிரியாரும் பேசினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ‘வேண்டாம்’ என்பார். அம்மா ஒரு வாரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி, சோறு போட்டுக்கொண்டே, ‘ஏழரை பஸ்ஸுக்குத்தான வருவா. இருட்டுனா நான் ஸ்டாப்புல வந்து நிக்கேன்’ என்றாள். அவ்வளவுதான். அப்பா ‘சரி’ என்றார்.

பெண் படிக்கக் கூடாது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய பயம் பஸ் ஸ்டாப்பில் இருந்து வீடு வரைக்கும் இருக்கிற இருட்டு. அது மற்ற யாருக்கும் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அம்மா இரண்டு வருஷம் நின்றாள்.

40 பக்கத்தை 4 ஆக்குங்கள், சார். இரண்டு மகன்களுக்கும் ஒரே கட்டுரை வேண்டாம். தனித்தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள். தபாலில் போடுங்கள். கட்டைவிரல் பொம்மையைத் தபாலில் அனுப்ப முடியாது.

*

போனில் தலைப்பைச் சொன்னால் கட்டுரையே வந்துவிடுகிறது. நாம் ஏன் கஷ்டப்பட வேண்டும்?
– மாணவர், கருங்கல்

பரீட்சை என்றால் பிடிபடாமல் பார்த்துக்கொள். வாழ்வின் பொருள் என்றால், அதை எழுதும்போது கிடைக்கிற குழப்பம்தான் உனக்குச் சேர வேண்டியது. அதைப் போய் போனுக்குக் கொடுப்பானேன்?

*

முடிவுரையில் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ‘எனவே’ என்று தொடங்கினால் எல்லாமே முதலில் இருந்து திரும்ப வருகிறது.
– பிளஸ் ஒன் மாணவி, திருவட்டாறு

நன்னூலில் பவணந்தியார் பத்துக் குற்றம் சொல்வது உனக்குப் பாடத்தில் வந்திருக்கும். மனப்பாடம் பண்ணி இரண்டு மார்க் வாங்கியிருப்பாய். ‘கூறியது கூறல்’ அதில் ஒன்று. ‘சென்று தேய்ந்து இறுதல்’ இன்னொன்று. போகப் போகத் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவது. 13-ம் நூற்றாண்டிலேயே உன் முடிவுரையை அவர் பார்த்துவிட்டார்.

‘எனவே’ வந்தால் பேனாவை மூடு. கடைசியாக நடந்ததை எழுதிவிட்டு நிறுத்து. மார்க் குறைந்தால் உங்கள் தமிழ் சாரிடம் என் பெயரைச் சொல்லு. அவர் என்னிடம் படித்தவராகக்கூட இருக்கலாம்.

*

எல்லாருக்கும் சொல்கிறீர்களே, நீங்கள் எழுதினீர்களா டீச்சர்?
– வாசகி, இரணியல்

மாட்டிக்கொண்டேன். இல்லை.

அந்த பஸ் ஸ்டாப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ‘அம்மா ஸ்டாப்பில் நின்றாள்’ என்று முதல் வரி. மூன்று வருஷமாக அந்த வரியிலேயே நிற்கிறேன். மீன் விற்று முடித்து நேராக அங்கே வருவாள், கடவம் கூடவே இருக்கும். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாளா, கீழே இறக்கி வைத்திருந்தாளா என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. இரண்டு வருஷம் தினமும் பார்த்ததுதான். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினேனோ.

அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ‘கீழ இறக்கி, அதுக்கு மேல உக்காந்திருப்பா’ என்றாள். தம்பி அப்போது சின்னப் பையன், சில நாள் அம்மாவோடு போயிருக்கிறான். அவன் ‘தலையிலதான், இறக்கவே மாட்டா’ என்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.